தசைப் புரதங்கள் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தசைச் சுருக்கத்தின் அடிப்படை அலகு சார்கோமியர். நீளம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். இதில் மயோசின் தடித்த இழைகளும் ஆக்டின் மெல்லிய இழைகளும் வரிசையாக நிற்கின்றன. இரு முனைகளிலும் இசட் தட்டும் நடுவில் எம் கோடும் அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. இந்தப் புரதங்கள் தங்கள் துணையை எப்படிக் கண்டுபிடிக்கின்றன, எந்த இடத்தில் தொடுகின்றன, தொட்டபின் எவ்வளவு இழுவையைத் தாங்குகின்றன என்பவை பற்றிய கேள்விகள் இங்கே. கல்லூரி அளவு உயிர்வேதியியல் தெரிந்தால் போதும்.

ஒரு புரதம் இன்னொன்றை "அடையாளம் காண்கிறது" என்றால் என்ன பொருள்?

புரதத்துக்குக் கண் கிடையாது. கரைசலில் எல்லாம் எல்லாவற்றோடும் மோதிக்கொண்டே இருக்கின்றன. பெரும்பாலான மோதல்கள் உடனே விலகிவிடும். மேற்பரப்பின் வடிவம், மின்சுமை, நீர்வெறுக்கும் பகுதிகள் மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்தும் மோதல் மட்டும் நீடிக்கும். அப்படி நீடிப்பதையே அடையாளம் காண்பது என்கிறோம்.

நிலையான ஒரு புரத இணையில் தொடுபரப்பில் மறையும் மொத்தப் பரப்பு பொதுவாக 1200 முதல் 2000 சதுர ஆங்ஸ்ட்ராம். ஆனால் பிணைப்பு ஆற்றல் அந்தப் பரப்பு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. நடுவில் இருக்கும் நாலைந்து அமினோ அமிலங்களே பெரும்பங்கைச் சுமக்கும். டிரிப்டோபான், டைரோசின், ஆர்ஜினின் ஆகியவை அங்கே அடிக்கடி தென்படும்.

பூட்டும் சாவியும் போல என்று சொல்லலாமா?

தொடக்கப் பாடத்துக்குச் சரி, தசைக்குப் பொருந்தாது. தசையில் பல துணைகள் பிணையும்போதுதான் தங்கள் வடிவத்தையே அடைகின்றன. டெலிதோனின் என்ற இசட் தட்டுப் புரதத்தைத் தனியாக உருவாக்கினால் ஒழுங்காக மடியாமல் திரண்டுவிடும். டைட்டின் என்ற நெடும்புரதம் அருகில் இருந்தால்தான் அதற்கு உருவம் வருகிறது. அதைவிட முக்கியம்: சாவி உவமையில் இழுவிசைக்கு இடமே இல்லை. தசையில் இழுவிசையை விட்டுவிட்டுப் பிணைப்பைப் பேசினால் பாதி விஷயம் போய்விடும்.

எந்தெந்த வழிகளில் பிணைகின்றன?

திரும்பத் திரும்ப வருபவை சிலதான். முதலாவது, ஒரு புரதத்தின் பீட்டா இழை இன்னொன்றின் பீட்டா தகட்டின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு தகட்டை நீட்டுவது. இசட் தட்டின் டைட்டின்-டெலிதோனின் இணையும், எம் கோட்டின் டைட்டின்-ஒப்ஸ்குரின் இணையும் இந்த வகை. இரண்டாவது, கயிறு திரித்தது போல் இரண்டு ஆல்ஃபா ஹீலிக்ஸ்கள் முறுக்கிக்கொள்வது: டிரோபோமயோசின், மயோசினின் வால். மூன்றாவது, கால்மோடுலின் போன்ற ஒரு மடல் திறந்து, சிறு ஹீலிக்ஸ் ஒன்றைக் கவ்விக்கொள்வது: டிரோபோனின் சி, ஆல்ஃபா-ஆக்டினினின் வால்பகுதி. நான்காவது, ஒழுங்கற்றுத் தொங்கும் நேர்மின் வளையம் எதிர்மின் மேற்பரப்பை இழுத்துப் பிடிப்பது: மயோசினின் இரண்டாம் வளையம்.

நெபுலின் தனி ரகம். சுமார் 35 அமினோ அமிலம் கொண்ட சிறு அலகு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வோர் அலகும் ஓர் ஆக்டினைத் தொட்டுக்கொண்டே இழை நெடுகப் போகிறது.

டைட்டின்-டெலிதோனின் இணைப்பு ஏன் அவ்வளவு உறுதி?

டைட்டினே மனித உடலின் மிகப்பெரிய புரதம். 3000 கிலோடால்ட்டனுக்கும் மேல், ஒரே சங்கிலி, இசட் தட்டிலிருந்து எம் கோடு வரை. அதன் தொடக்கத்தில் இசட்1, இசட்2 என்று இரண்டு ஐஜி டொமைன்கள் (இம்யூனோகுளோபுலின் போல மடிந்த பகுதிகள்). 2006-இல் வெளியான படிக அமைப்பு இந்த இடத்தைக் காட்டியது. இரண்டு டைட்டின் மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நடுவில் ஒரே ஒரு டெலிதோனின். டெலிதோனினின் பீட்டா இழைகள் இரு பக்கமும் உள்ள ஐஜி டொமைன்களின் தகடுகளோடு சேர்ந்து தொடர்ச்சியான ஒரு தகடாகிவிடுகின்றன. இரண்டு டைட்டினுக்கு ஒரு டெலிதோனின் என்ற இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுக்கூடக் கேள்வியில் திரும்ப வரும்.

உறுதியின் ரகசியம் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அவை இழுவிசைக்கு எந்தத் திசையில் நிற்கின்றன என்பதில் இருக்கிறது. சுவரில் ஒட்டிய ஒட்டுநாடாவை எண்ணிப் பாருங்கள். ஒரு மூலையைத் தூக்கி உரித்தால் எளிதாக வரும், ஏனென்றால் எந்தக் கணத்திலும் ஒரு மெல்லிய கோடு மட்டுமே அறுபடுகிறது. சுவரோடு சேர்த்துக் கீழ்நோக்கி இழுத்தால் அசையாது. ஒட்டிய பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விட்டாக வேண்டும். டைட்டின்-டெலிதோனினில் தசை இழுக்கும் திசை இந்த இரண்டாம் வகை. ஒற்றை மூலக்கூறு இழுவிசை அளவீட்டில், அந்தத் திசையில் இது சுமார் 700 பிகோநியூட்டன் தாங்கியது. அதே வகைச் சோதனையில் டைட்டினின் ஐஜி டொமைன்கள் 150 முதல் 300 பிகோநியூட்டனில் விரிந்துவிடுகின்றன. அதாவது, முடிச்சு அவிழ்வதற்கு முன் கயிறே பிரிந்துவிடும். வேறு திசையில் இழுத்தால் இந்த இணைப்புக்கு அந்த உறுதி கிடையாது.

எம் கோட்டிலும் ஐஜி டொமைன்கள்தானே? அங்கும் அப்படித்தானா?

இல்லை. டைட்டினின் கடைசி டொமைன் எம்10. ஒப்ஸ்குரின், ஒப்ஸ்குரின்-போல்-1 ஆகிய இரண்டின் முதல் ஐஜி டொமைனும் எம்10-இன் ஒரே இடத்தைத்தான் கேட்கின்றன. ஆகவே ஒன்று பிணைந்திருந்தால் மற்றதற்கு இடமில்லை. 2010-இல் வந்த படிக அமைப்புகளில் இரு டொமைன்களும் கூரை வடிவில் சாய்ந்து, ஓர இழைகளால் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கரைசலில் அளந்தால் நாட்டம் நானோமோலார் வரிசையில், நல்ல இறுக்கம். இழுத்துப் பார்த்தால் சுமார் 30 பிகோநியூட்டனில் விட்டுவிடுகிறது.

ஒரே மடிப்பு, ஒரே தகடு நீட்டும் உத்தி, தாங்கும் விசையில் இருபது மடங்குக்கும் மேல் வேறுபாடு. காரணம் வடிவியல்தான்.

பிரிகை மாறிலி சிறியது என்றால் பிணைப்பு வலுவானது என்றுதானே படித்தோம்?

தசையில் "வலு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. சமநிலையில் எவ்வளவு பிணைந்திருக்கும்? பிணைந்தபின் எவ்வளவு நேரம் நீடிக்கும்? இழுத்தால் அந்த நேரம் எப்படிக் குறையும்? பிரிகை மாறிலி முதல் கேள்விக்கு மட்டுமே பதில்.

1 மைக்ரோமோலார் பிரிகை மாறிலி என்பது 25 டிகிரி செல்சியஸில் மோலுக்கு சுமார் 34 கிலோஜூல். பத்து மடங்கு இறுக்கமாக்க இன்னும் 5.7 கிலோஜூல் போதும். ஒன்றிரண்டு நல்ல தொடுகைகளைக் கூட்டினால் அது கிடைத்துவிடும்.

மூன்றாம் கேள்விக்கு ஒரு சிறு கணக்கு. பிரியும் வேகம், விசையையும், பிணைப்பு அறுபடும்முன் நீளும் தூரத்தையும் பெருக்கி, அதை 4.1 பிகோநியூட்டன்-நானோமீட்டரால் வகுத்தால் வரும் எண்ணின் அடுக்குக்குறிப்படி ஏறும். இழுவிசை 10 பிகோநியூட்டன், நீளும் தூரம் 1 நானோமீட்டர் என்றால் பிரியும் வேகம் சுமார் 11 மடங்கு ஏறும். நீளும் தூரம் 0.2 நானோமீட்டர் என்றால் வெறும் 1.6 மடங்குதான். உரிவது போல் ஒவ்வொன்றாக அறுபடும் இணைப்பில் தூரம் அதிகம். எல்லாம் ஒரே நேரத்தில் அறுபட வேண்டிய இணைப்பில் தூரம் குறைவு. மேலே பார்த்த 700-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளி இங்கிருந்துதான் வருகிறது. எனவே இரண்டு இணைப்புகளின் பிரிகை மாறிலிகளை மட்டும் ஒப்பிட்டு "இது தசையில் அதிகம் தாங்கும்" என்று எழுதுவது தவறு.

ஆல்ஃபா-ஆக்டினின் இவ்வளவு இழுவையை எப்படித் தாங்குகிறது? அதன் பிணைப்பு பலவீனமானது என்கிறார்களே?

தனித்தனியாகப் பார்த்தால் பலவீனம்தான். ஆல்ஃபா-ஆக்டினின் எதிரெதிர்த் திசையில் இணைந்த இரட்டை. நீளம் சுமார் 35 நானோமீட்டர், இரு முனையிலும் ஆக்டின் பிடிக்கும் தலை. அதன் வால்மடல் டைட்டினின் இசட்-ரிபீட் என்ற சுமார் 45 அமினோ அமிலப் பகுதியைக் கவ்வுகிறது. ரிபீட்டின் ஒரு துண்டு ஹீலிக்ஸாகி, அதன் 1, 4, 5, 8-ஆம் இடங்களில் உள்ள நீர்வெறுக்கும் பக்கச்சங்கிலிகள் மடலின் குழிக்குள் இறங்குகின்றன. ஓர் இணைப்பு சில பிகோநியூட்டனைத்தான் தாங்கும். ஆனால் ஒரு டைட்டினில் ஏழு ரிபீட் வரை உண்டு. ஒன்று விட்டாலும் மற்றவை பிடித்திருக்க, விட்டது திரும்ப ஒட்டிக்கொள்ளும். இசட் தட்டு உடையாமலேயே தன்னைச் சரிசெய்துகொள்ள இது வழி. தேரை ஒருவர் இழுப்பதில்லை அல்லவா.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த மடல் சும்மா இருக்கும்போது, இரட்டையின் எதிர்ப்பக்கச் சங்கிலியில் உள்ள, 1-4-5-8 வரிசையை ஒத்த தன் சொந்தக் கழுத்துப் பகுதியையே கவ்வி மூடிக்கொண்டிருக்கும். சவ்விலுள்ள பாஸ்ஃபாட்டிடைல் இனோசிட்டால் இருபாஸ்ஃபேட் வந்து சேரும்போது கழுத்து விடுபட்டு, மடல் டைட்டினுக்குத் திறக்கிறது.

மயோசின் ஆக்டினை எந்தெந்த இடங்களில் தொடுகிறது?

முதலில் தொலைவிலிருந்து வரும் இழுப்பு. எலும்புத்தசை ஆக்டினின் தொடக்கம் ஆஸ்பார்ட்டிக், குளுட்டாமிக், ஆஸ்பார்ட்டிக், குளுட்டாமிக்: நான்கும் எதிர்மின். மயோசின் தலையின் இரண்டாம் வளையம் லைசின் நிறைந்தது, நேர்மின். இவை ஒன்றையொன்று இழுத்துத் தலையை அருகில் கொண்டுவருகின்றன. இது தளர்வான பிணைப்பு. உப்பைக் கூட்டினால் மின்சுமைகள் மறைக்கப்பட்டு இது மங்கிவிடும்.

அடுத்தது நெருக்கமான பொருத்தம். மயோசினின் கீழ் 50 கிலோடால்ட்டன் பகுதியில் உள்ள ஹீலிக்ஸ்-வளையம்-ஹீலிக்ஸ், ஆக்டினின் முதல், மூன்றாம் உட்பகுதிகளுக்கு இடையில் ஐசோலியூசினும் லியூசினும் நிறைந்த குழியில் அமர்கிறது. அடுத்த ஆக்டினின் டி-வளையமும் அங்கே வந்து சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு மயோசின் தலை ஒரே நேரத்தில் இரண்டு ஆக்டின்களைத் தொடுகிறது. ஒற்றை ஆக்டினை வைத்துச் செய்த ஆய்வு இழையோடு பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மேல் 50 கிலோடால்ட்டன் பகுதியிலிருந்து வரும் இன்னொரு வளையத்தின் பெயரே கார்டியோமயோபதி வளையம். அதில் 403-ஆம் இடத்து ஆர்ஜினின் குளுட்டமினாக மாறியதுதான், இதயத்தசைத் தடிப்பு நோய்க்குக் காரணமாகக் கண்டறியப்பட்ட முதல் மயோசின் பிறழ்வு. ஆண்டு 1990.

ஏடிபி வந்து அமர்ந்ததும் மேல், கீழ் பகுதிகளுக்கு இடையிலுள்ள பிளவு திறக்கிறது. தொடுபரப்பு இரண்டாகப் பிரிந்து, நாட்டம் ஆயிரம் மடங்குக்கும் மேல் விழுகிறது. ஏடிபி தீர்ந்துபோனால் பிளவு மூடியபடியே நின்றுவிடும். இறந்த உடல் விறைப்பது இதனால்தான்.

கால்சியம் வந்ததும் டிரோபோனினில் என்ன நடக்கிறது?

ஓய்வுத் தசையில் கட்டற்ற கால்சியம் சுமார் 0.1 மைக்ரோமோலார், தூண்டியதும் 1 மைக்ரோமோலாரைத் தாண்டும். எலும்புத்தசை டிரோபோனின் சி-யின் முன்மடலில் இரண்டு கால்சியம் இடங்கள். அவை நிரம்பியதும் மடல் திறந்து, நீர்வெறுக்கும் குழி வெளியே தெரிகிறது. டிரோபோனின் ஐ-யின் சுவிட்ச் துண்டு அதில் விழுகிறது. அதோடு சேர்ந்து இழுக்கப்படும் தடுப்புப் பகுதி ஆக்டினை விட்டு விலக, டிரோபோமயோசின் நகர்ந்து மயோசினுக்கு வழிவிடுகிறது.

இதயத்தில் கதை சற்று மாறும். அங்கே முன்மடலில் ஓர் இடம்தான் வேலை செய்கிறது. கால்சியம் மட்டும் வந்தால் மடல் பெரும்பாலும் மூடியபடியே இருக்கும், சுவிட்ச் துண்டும் (டிரோபோனின் ஐ-யில் 147 முதல் 163 வரை) வந்து தள்ளினால்தான் முழுதாகத் திறக்கும். எலும்புத்தசைப் படத்தைப் போட்டுக் கீழே "இதயத் தசை" என்று எழுதிவிடுவது பாடக்குறிப்புகளில் அடிக்கடி காணும் பிழை.

பாக்டீரியாவில் உருவாக்கிய டிரோபோமயோசின் ஆக்டினோடு ஒட்டவே இல்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் புரதத்தின் தொடக்க முனையில். ஒரு டிரோபோமயோசின் 284 அமினோ அமில நீளம், ஏழு ஆக்டின்கள் மேல் கிடக்கும். தனி மூலக்கூறாக ஆக்டினோடு அதன் பிடிப்பு மிகவும் பலவீனம். ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு கோத்து நீண்ட வடமாக ஆனால்தான் உறுதியாக அமரும். அந்தக் கோப்புக்கு முதல் மெத்தியோனினில் அசிட்டைல் தொகுதி வேண்டும். ஈ. கோலை அதைப் போடுவதில்லை, எனவே அங்கே வெறும் நேர்மின் முனை நின்று கோப்பைக் குலைக்கிறது. வழக்கமான தீர்வு, தொடக்கத்தில் அலனின்-செரின் என்ற இரண்டைக் கூட்டி உருவாக்குவது. தொடக்க முனையில் ஹிஸ்டிடின் வாலை அப்படியே விட்டு வைப்பதும் கோப்பைப் பாதிக்கும், வெட்டி எடுத்துவிடுங்கள்.

அளவிடுவதிலும் ஒரு பொறி உண்டு. இதில் டிரிப்டோபான் கிடையாது. 280 நானோமீட்டரில் உறிஞ்சல் மிகக் குறைவு, கொஞ்சம் நியூக்ளிக் அமிலம் கலந்திருந்தாலே செறிவு தாறுமாறாகத் தெரியும். ஒரு நல்ல செய்தி: சூடாக்கினால் மற்ற புரதங்கள் திரண்டு வீழ, இது ஆறியதும் பழையபடி முறுக்கிக்கொள்ளும். தூய்மையாக்கலுக்கு இது மிகவும் வசதி.

ஆக்டினோடு பிணைகிறதா என்று எளிதாகச் சோதிப்பது எப்படி?

கூட்டு வீழ்படிவு முறை. சோதிக்கும் புரதத்தைத் தனியாக 1,00,000 ஜி-யில் 30 நிமிடம் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுங்கள். இந்தப் படியை விட்டால் ஏற்கெனவே திரண்டிருந்த புரதம் அடியில் வீழ்ந்து "பிணைப்பு" என்று ஏமாற்றும். ஜி-ஆக்டினை 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்து இழையாக்குங்கள். 5 மைக்ரோமோலார் ஆக்டினோடு 0.5 முதல் 20 மைக்ரோமோலார் வரை துணையைக் கலந்து அரை மணி நேரம் வைத்து, மீண்டும் அதே வேகத்தில் சுழற்றுங்கள். மேல்நீர், அடி இரண்டையும் சம கன அளவாக்கி ஜெல்லில் ஓட்டுங்கள். ஆக்டின் இல்லாத குழாய் ஒவ்வொரு செறிவிலும் கட்டாயம்.

மயோசின் தலையை இப்படிச் சோதிக்கும்போது, ஆக்டின் கரைசலோடு வந்த 0.2 மில்லிமோலார் ஏடிபியை மறந்துவிடுவார்கள். அது தீரும்வரை தலை ஒட்டாது. அபிரேஸ் நொதி சேர்த்து நீக்குங்கள். முழு மயோசின் என்றால் இந்த உப்பளவில் அதுவே இழையாகித் தானாக வீழும், ஆகவே எஸ்1 என்ற தலைத் துண்டைப் பயன்படுத்துங்கள். ஆல்ஃபா-ஆக்டினின் போலக் கற்றை கட்டும் புரதமா என்று அறிய, 10,000 ஜி அளவில் தனியே ஒரு ஓட்டம் போடுங்கள். தனி இழைகள் மேலேயே நிற்கும், கற்றைகள் மட்டும் வீழும்.

வெப்ப அளவீட்டில் (ஐடிசி) பிணைப்பு விகிதம் 0.5 வருகிறது. பாதிப் புரதம் கெட்டுவிட்டதா?

இருக்கலாம், உண்மையான 2:1 ஆகவும் இருக்கலாம். டைட்டின் இசட்1-இசட்2 கலத்திலும் டெலிதோனின் ஊசியிலும் இருந்தால் 0.5 வருவதே சரி. இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். 2 வந்தால் 2:1 அமைப்போடு பொருந்தும், ஆனால் பாதி டைட்டின் கெட்டிருந்தாலும் 2-தான் வரும். திரும்பவும் 0.5-ஐ ஒட்டி வந்தால் செறிவிலோ மடிப்பிலோ கோளாறு.

1 மைக்ரோமோலார் பிரிகை மாறிலிக்குக் கலத்தில் 20, ஊசியில் 200 மைக்ரோமோலார் நல்ல தொடக்கம். இரு புரதங்களையும் ஒரே பாத்திரக் கரைசலில் டயாலிசிஸ் செய்யுங்கள். டிடிடி ஆக்சிஜனேற்றமாகி அடிக்கோட்டை அலையவிடும், பதிலாக டிசெப் போடுங்கள்.

படிகத்தில் தெரியும் தொடுபரப்பு உண்மையானதுதான் என்று எப்படி நம்புவது?

படிகத்தில் எல்லா மூலக்கூறும் ஏதாவது ஒன்றைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். தொடுபரப்பின் நடுவிலுள்ள ஒரு அமினோ அமிலத்தின் மின்சுமையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். உண்மையான பரப்பு என்றால் பிணைப்பு அறுந்துபோகும். பிறகு துணையின் எதிர்ச்சுமையையும் மாற்றினால் பிணைப்பு திரும்ப வருவது மிக நல்ல சான்று. ஆனால் மாற்றிய புரதம் ஒழுங்காக மடிந்திருக்கிறதா என்று வட்ட இருநிற அளவீட்டில் பார்க்காமல் முடிவெழுதக் கூடாது. எம்10-இலேயே எச்சரிக்கை இருக்கிறது: 2002-இல் விவரிக்கப்பட்ட ஃபின்லாந்து டிபியல் தசைச்சிதைவுப் பிறழ்வு நான்கு அமினோ அமிலங்களை மாற்றுகிறது. இப்படிப்பட்ட மாற்றத்தில் தொடுபரப்பு கெட்டதா, டொமைனின் மடிப்பே கெட்டதா என்பதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

ஆல்ஃபாஃபோல்டில் போட்டால் போதாதா?

புரத அமைப்பைக் கணிக்கும் இந்த நிரல் தொடங்க நல்ல இடம். தொடுபரப்பின் நம்பகத்தைச் சொல்லும் ஐபிடிஎம் மதிப்பு 0.8-க்கு மேல் என்றால் நம்பிச் சோதனைக்குப் போகலாம், 0.6-க்குக் கீழ் என்றால் படம் அழகாக இருந்தாலும் ஒதுக்குங்கள். டைட்டினை முழுதாகப் போட முடியாது. இரண்டு மூன்று டொமைன்களாக, எல்லையில் ஐந்தாறு அமினோ அமிலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். எல்லையை இறுக்கி வெட்டினால் ஓர பீட்டா இழை போய்விடும், பிணைவது பெரும்பாலும் அந்த இழைதான். முறுக்குக் கயிறு வகைப் புரதங்களில் இணையா, எதிரிணையா என்பதில் அது தடுமாறும். இரண்டு ஐஜி டொமைன்களைக் கொடுத்து விகிதத்தைத் தவறாகச் சொன்னால், அந்தத் தவறான எண்ணிக்கைக்கும் நம்பத்தக்கது போல் ஒரு படம் வரைந்து தரும். டைட்டின் இரண்டு, டெலிதோனின் ஒன்று என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எத்தனை பிகோநியூட்டனில் விடும் என்பது அந்தப் படத்தில் இருக்காது. அதற்கு இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.